சங்கவியின் கைப்பையைத் திறந்த அம்மா எழுதுவது

கண்ணா,

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கவி நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தாளே, அன்றைக்கு அவள் கை கழுவப் போன நேரத்தில் அவளுடைய கைப்பையை நான் திறந்து பார்த்தேன். நிச்சயமான பெண்ணின் பையை, மாமியார் ஆகப்போகிறவள், திருடியைப் போலத் திறந்தேன். படித்ததும் உனக்குக் கோபம் வரும். வரட்டும். கோபத்தோடேயே மீதியையும் படி, நடுவில் எழுந்து எனக்குப் போன் பண்ணாதே. போனில் நான் எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருப்பாய். நீ ஆபீஸ் வேலையாக ஹைதராபாத் போன இந்த ஐந்தாறு நாளுக்குள் இங்கே ஆவடியில் என்னென்னவோ நடந்துவிட்டது. நீ திரும்பி வருவதற்குள் உனக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் காகிதத்தில் எழுதி கூரியரில் அனுப்புகிறேன்.

இதற்கெல்லாம் ஆரம்பம் ஒரு புத்தகம். அதைக் கொடுத்தவளும் அவள்தான். நிச்சயதார்த்தம் முடிந்த மறுவாரம் பழுப்புக் காகித அட்டை போட்டு எடுத்துவந்தாள். "அத்தே, நீங்க டிஸ்பென்சரில முப்பது வருஷம் மருந்து குடுத்தவங்க. இதுல துப்பறியறவரே ஒரு டாக்டரு. உங்களுக்குப் புடிக்கும்" என்றாள். பழைய காலத்து வெளிநாட்டு நாவல், யாரோ நல்ல தமிழில் மொழிபெயர்த்திருந்தார்கள். அந்த டாக்டர் ஒரு தோல் பெட்டியோடு இறந்தவர் வீட்டுக்குள் நுழைவார். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். மருந்துக் கரண்டியில் காய்ந்து ஒட்டியிருக்கும் துளியைப் பார்ப்பார், செருப்படி மண்ணைப் பார்ப்பார், நகத்தைப் பார்ப்பார். கூடவே ஓர் உதவியாளர், பெட்டியைத் தூக்கிக்கொண்டு, எதைக் கேட்டாலும் தப்பாகவே கேட்டுக்கொண்டு. மனிதர்கள் வாயைத் திறந்தால் பொய், பொருள்கள் மட்டும்தான் உள்ளதைச் சொல்லும் என்பது அந்த டாக்டரின் கொள்கை. எனக்கு அது அப்படியே பிடித்துப்போயிற்று. தொழிற்சாலை குவார்ட்டர்ஸ் டிஸ்பென்சரியில் மருந்து ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து எத்தனை பேர் பொய்யைக் கேட்டிருக்கிறேன். "வயித்து வலிக்குத்தான் மேடம்" என்று கேட்டு வருபவன் கண்ணைப் பார்த்தாலே அவன் நேற்றுக் குடித்தானா, முந்தாநாள் குடித்தானா என்று சொல்லிவிடுவேன். நான் பிழைப்புக்குச் செய்ததைத்தானே அந்த மனுஷன் புத்தகத்தில் செய்து பேர் வாங்குகிறார் என்று ஒரு கர்வம் வந்துவிட்டது.

பிறகு நம் அப்பார்ட்மெண்டில் யாரும் தப்பவில்லை. மூன்றாவது மாடியில் சர்க்கரை நோய்க்காரர் ஒருவர் மனைவிக்குத் தெரியாமல் மாடிப்படியில் நின்று ஜாங்கிரி தின்கிறார் என்பதை ஈ மொய்த்த கைப்பிடியை வைத்துக் கண்டுபிடித்தேன். உன் அப்பாதான் எனக்கு உதவியாளர். டாங்கி தொழிற்சாலையில் ஆயுசு முழுக்க இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தவர், ஒவ்வொரு பல்சக்கரத்தையும் அளந்து பார்த்துத்தான் அடுத்த ஆளிடம் கொடுப்பார். ஆனால் மனிதர்களை அளக்கச் சொன்னால் முகத்தைச் சுளிப்பார். "இன்னாமே இது, ரிட்டையர் ஆனவ முருங்கக்கீரைய ஆஞ்சுகினு குந்திருப்பியா, ஊரான் ஊட்டு ஜாங்கிரிய எண்ணிக்கினு கீறியே" என்பார். அவருக்கு மூளை போதாது என்று நினைத்துக்கொள்வேன். புத்தகத்தில் உதவியாளரும் அப்படித்தானே இருந்தார்.

ஜாங்கிரியோடு நிறுத்தியிருக்கலாம். கண் சங்கவி பக்கம் திரும்பியது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் வருவாள், சாப்பாடு முடிந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். உடனே பையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உன்னோடு மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். பத்து நிமிஷத்தில் இறங்கி வருவீர்கள். கட்டிக்கொள்ளப் போகிறவர்கள் தனியாகப் பேச வேண்டாமா என்று முதலில் விட்டேன். ஆனால் பேசப் போகிறவளுக்குத் தண்ணீர் பாட்டில் எதற்கு? எந்நேரமும் பை ஜிப்பை ஏன் இழுத்து இழுத்து மூடுகிறாள்? நீ அத்தனை ஆசையாக வாங்கிய வண்டியை விற்றுவிட்டு, ரயிலேறி பட்டரைவாக்கத்தில் இறங்கி அம்பத்தூர் ஆபீசுக்கு நடக்க ஆரம்பித்ததும் அவள் பேச்சைக் கேட்டுத்தான் என்று எனக்கு ஏற்கெனவே அவள்மேல் ஒரு கடுப்பு. ஒன்று முளைத்தால் பத்தாகும் சந்தேகம். அவள் அசந்து உட்கார்ந்தால் ரத்த சோகையோ என்று பார்ப்பேன், சிரித்தால் எதை மறைக்கச் சிரிக்கிறாள் என்று பார்ப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நாக்கில் புண் என்று காரமே இல்லாமல் மணத்தக்காளிச் சாறு வைத்திருந்தேன். நீ ஒவ்வொரு வாயையும் முகம் சுருக்கி விழுங்கிக்கொண்டிருந்தாய். சூடு, எண்ணெய் தேய்த்துக் குளித்தால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு நான் அவள் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பைக்குள்ளே சீப்பு, பர்ஸ், ஆபீஸ் அட்டை. அடியில் ஒரு பி காம்ப்ளெக்ஸ் டப்பா. சத்து மாத்திரை என்றால் வைட்டமின் வாசனை குப்பென்று அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. திறந்தால் உள்ளே வெள்ளையாக, நீளமாக, நடுவில் கோடு போட்ட மாத்திரைகள். முப்பது வருஷம் அதை எண்ணிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தவளுக்குக் கண்ணாடி வேண்டாம். வலிப்பு மாத்திரை. இருந்தும் ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். மறுநாள் அப்பாவிடம் கொடுத்து, நமக்குத் தெரிந்த மருந்துக்கடைக்காரரிடம் விசாரித்துவரச் சொன்னேன். போய்விட்டு வந்தவர் மாத்திரையை மேஜைமேல் வைத்தார். "நீ சொன்னதுதான். ஃபிட்ஸுக்குப் போடறதாம்" என்றார். பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

நான் பேசினேன். இரண்டு மணி நேரம் பேசினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறார்கள், என் பிள்ளை தலையில் கட்டப் பார்த்திருக்கிறார்கள், கல்யாணத்தை நிறுத்தியே தீருவேன் என்றேன். உன்னிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் பக்கம்தான் நீ பேசுவாய் என்று நீ ஊருக்குப் போகும்வரை காத்திருந்தேன். காத்திருந்தது அசிங்கமான காரியம், அதையும் எழுதிவிடுகிறேன். நீ ரயிலேறிய மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. முதல் கல்யாணப் பத்திரிகையை மாங்காட்டில் காமாட்சி அம்மன் காலடியில் வைக்க இரண்டு வீட்டாரும் போயிருந்தோம். கையில் எலுமிச்சம்பழத்தோடு எல்லோரும் வரிசையில் நிற்க, நான் அவளை மட்டும் பிரகாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பையில் இருந்த மாத்திரை யாருடையது என்று கேட்டேன். வெளுத்துப்போனாள். பிறகு நேராக என்னைப் பார்த்து, "என்னுதுதான் அத்தே" என்றாள்.

"எத்தன வயசுலேர்ந்து?"

கொஞ்சம் யோசித்தாள். "ஒம்போது வயசுலேர்ந்து" என்றாள். நடுவில் நின்றுபோய் இப்போது திரும்ப வந்திருப்பதாகவும் சொன்னாள். "உங்க அம்மாவுக்குச் சொல்லலாமா?" என்று கேட்டதற்கு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவர் ஊர்லேர்ந்து வரட்டும் அத்தே. அதுவரைக்கும் யார்கிட்டயும் வேணாம்." நான் கையை உதறினேன். பொய்க்காரி என்று சொன்னேன், கண்ணா. அம்மன் சன்னதியில் வைத்து அந்தப் பெண்ணை அப்படிச் சொன்னேன். அவள் அழுதாளே தவிர மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேஸ் முடிந்தது என்று அப்பாவிடம் ஜம்பமாகச் சொன்னேன். அவளே ஒப்புக்கொண்டாள், ஒன்பது வயதிலிருந்து இருக்கிறதாம் என்றேன். சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார்.

"எத்தினி வயசுன்னா?"

"ஒம்போது."

கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "அந்தப் பொண்ணு மாத்திர போட்டு நீ பாத்துகீறியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நானும் பாக்கல. மாடிக்கு ரெண்டு பேருந்தான் போறாங்க. பாட்டிலத் தொறந்து தண்ணி குடிக்கிறது அவன். துணி எடுக்கப் போனப்ப நான் பாத்தேன். தாகம்னு நெனச்சேன்." பிறகு, என்னைப் பார்க்காமலே, "நாக்குப் புண்ணுன்னியே, ஓரத்துல பல்லுத் தடம் கீதானு பாத்தியாமே?" என்றார்.

வலிப்பு வந்தவன் நாக்கைக் கடித்துக்கொள்வான் என்பது டிஸ்பென்சரியில் கூட்டிப் பெருக்குகிறவளுக்குக்கூடத் தெரியும். உன் நாக்கைப் பார்த்து நான் மணத்தக்காளி வைத்தேன். வண்டியை விற்றவனைப் பார்த்து அவள்மேல் கோபப்பட்டேன். ஒன்பது வயது என்று அவள் சொன்னபோது எனக்கு உறைக்கவில்லை. பொய் சொல்லத் தெரியாத பெண் உன் கதையை எடுத்துத் தன் கதையாகச் சொல்லியிருக்கிறாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரியான பேச்சு.

உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது, நான் சொல்கிறேன். ஒன்பது வயதில் பள்ளி மைதானத்தில் பிரார்த்தனை நேரத்தில் விழுந்தாய். நான் ஓடி வந்து பார்க்கும்போது சுற்றிலும் பையன்கள், உன் கையில் யாரோ சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். இரும்பு வைத்தால் நிற்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. அது வீண் என்று தெரிந்த ஒரே ஆள் நான். சாவியைப் பிடுங்கி எறிந்துவிட்டு உன்னை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். அதுவரைக்கும் செய்ததெல்லாம் சரி. அதற்குப் பிறகு, பயமா இருக்கே, என்ன என்ன என்று கேட்ட டீச்சர்களிடம் "வெயில் மயக்கம்" என்றேன். அங்கே ஆரம்பித்தது. குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டில் தும்மினால் பத்து வீட்டில் நூறு ஆயுசு என்பார்கள். நான் வேலை செய்யும் ஜன்னலிலேயே உன் பேரில் அந்த மாத்திரையை வாங்கினால் சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் பரவும், நாளைக்கு உனக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பெண் தேடினேன் பார். மாதாமாதம் பஸ் ஏறிப் பூந்தமல்லி போய், என்னைத் தெரியாத கடையில் வாங்கி, வீட்டுக்கு வந்ததும் பி காம்ப்ளெக்ஸ் டப்பாவில் கொட்டி வைத்தேன். "இது சத்து மாத்திரையாம்மா?" என்று கேட்டாய். "ஆமா, யாரு கேட்டாலும் அப்படியே சொல்லு" என்றேன். பதினாலு வயதில் டாக்டர் நிறுத்தலாம் என்றதும் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு மறந்தே போனேன், அதே மாதிரி டப்பாவை அவள் பையில் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. நீ மறக்கவில்லை. மறைப்பது எப்படி என்று நான் கற்றுக்கொடுத்ததை அப்படியே வைத்திருந்து, நோய் திரும்பி வந்ததும் என்னிடமிருந்தே மறைத்தாய். வீட்டில் வைத்தால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று மற்ற நாளுக்கு ஆபீஸ் மேஜையிலும் ஞாயிற்றுக்கிழமைக்கு அவள் பையிலும் வைத்தாய். எனக்கு எவ்வளவு வலிக்கிறது என்று எழுத வரவில்லை, கண்ணா. உன்மேல் கோபமில்லை. என் பிள்ளை எனக்குப் பயந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு சோறு தின்றிருக்கிறான்.

மறுநாளே சங்கவியை வரவழைத்தேன். காலில் விழப் போனேன், அவள் விடவில்லை. அப்பா என்னைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்தார். "கேளு, அவ கைலயே கேளு" என்றார். புத்தகத்தில் டாக்டர் செய்யாத காரியம் அதுதான். நானும் ஒரு தடவை மரியாதையாகக் கேட்டிருந்தால் இவ்வளவு ஆட்டம் எதற்கு? கேட்டேன், சொன்னாள். நிச்சயத்துக்கு முன்னாலேயே, நீங்கள் பழக ஆரம்பித்த புதிதில், அவளைப் பின்னால் உட்காரவைத்து நீ வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது தலை கிறுகிறுக்கிறது என்று அம்பத்தூர் ரோட்டு ஓரம் நிறுத்தியதும், இறங்கின கையோடு விழுந்ததும், லாரிகள் போகிற பக்கத்தில் அவள் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்ததும். வீட்டில் யாருக்கும் சொல்லக்கூடாது என்று நீ சத்தியம் வாங்கியிருக்கிறாய். "அவர் வாய் உட்டு சொல்லாத நான் சொன்னா, அப்பறம் அவர் என்னை எப்படி நம்புவாரு அத்தே?" என்றாள். அதற்காக நான் பொய்க்காரி என்றதையும் வாங்கிக்கொண்டாள். இந்த விஷயத்தை நான்தான் உனக்குச் சொல்வேன், நீ சொல்லாதே என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன். அவள்மேல் வருத்தப்படாதே.

ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் நூம்பலுக்கு, சங்கவி வீட்டுக்குப் போனோம். அவள் அம்மா அப்பா முன்னால் உட்கார்ந்து, என் மகனுக்கு ஒன்பது வயதில் வலிப்பு வந்தது, நின்றது, இப்போது திரும்பி வந்திருக்கிறது, சின்ன வயதில் வந்ததைச் சம்பந்தம் பேசும்போதே நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை என்றேன். அவள் அம்மா பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். "உனுக்குத் தெரியுமாடி?" தெரியும் என்றாள். அந்த அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார், நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவே இல்லை. அவள் அப்பா வேலப்பன்சாவடியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற மனுஷர், கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நோவுக்கு நான் பயப்படலீங்க. என் அண்ணன் மவனுக்கே கீது, ரெண்டு புள்ள பெத்துக்கினு நல்லாத்தான் கீறான்" என்றார். "ஒளிக்கிறாங்க பாருங்க, அதுக்குத்தான் பயமா கீது. நாளைக்கு எம்பொண்ணு உங்க ஊட்டுக்கு வந்து, இவரு இன்னும் இன்னா ஒளிச்சு வெச்சுகினு கீறாரோனு டப்பா டப்பாவாத் தொறந்து பாத்துகினே இருக்கணுமா?"

அந்த வேலையைத்தானே மூன்று மாதமாக நான் செய்துகொண்டிருந்தேன். அது என்ன பிழைப்பு என்று எனக்குத் தெரியும். நல்ல சோறு இறங்காது, நல்ல வார்த்தை காதில் ஏறாது. அப்பாதான் பேசினார். "இன்னா செய்யணும் சொல்லுங்க சம்பந்தி" என்றார். அதற்குச் சங்கவியின் அப்பா, "அம்மா வந்து சொன்னது பெரிய விசியம். ஆனா கட்டிக்கப் போறது அவரு. அவரு வரட்டும். அவரு வாயால சொல்லட்டும். அப்பறந்தான் பத்திரிக குடுக்கறது" என்றார்.

ஆகவே விஷயம் இப்போது உன் கையில். நீ சனிக்கிழமை வருகிறாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் நூம்பலுக்குப் போக வேண்டும். நான் வரமாட்டேன், அப்பாவும் வரமாட்டார். இத்தனை வருஷம் உனக்குப் பதிலாக எல்லோரிடமும் நானே பேசியதில்தான் இந்த வினை. புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்டால் நியாயம்தான். ஆனால் மறைத்து வாழ்ந்தவள் என்கிற ஒரு யோக்கியதை இருக்கிறது. மடியில் கனம் இருந்தால் வழியெல்லாம் பயம் என்பார்கள். அதைவிட மோசமாக ஒன்று இருக்கிறது: நாம் மறைத்தால், எதிரே வருகிறவரும் எதையோ மறைக்கிறார் என்றே தோன்றும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று. உனக்கு வேண்டாம்.

அவர்கள் முடியாது என்று சொல்லலாம். அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன், சொல்லக்கூடும். சொன்னால் எதிர்த்துப் பேசாதே, கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வா. நானும் அப்பாவும் இருக்கிறோம். எதுவானாலும் அன்றைக்கு மத்தியானம் உன் மாத்திரையைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, எங்கள் எதிரில் போட்டுக்கொள்.

ஒன்றே ஒன்று சொல்லிக்கொடுக்கிறேன். போனவுடன் உட்கார வைப்பார்கள், பயணம் எப்படி என்று கேட்பார்கள், உள்ளே டம்ளர் சத்தம் கேட்கும். அதற்கெல்லாம் பதில் சொல்லி உட்கார்ந்தால் அப்புறம் வாய் வராது. எனக்கும் வராமல்தான் போயிற்று, இருபது வருஷமாக. அவர்கள் காபி கொண்டுவந்து நீட்டுவார்கள், அதைக் கையில் வாங்குவதற்கு முன்னால் சொல்லிவிடு.

அம்மா